வீட்டுக் கணினியில் பாயிங்க் நிறுவுவது குறித்து

அன்புடைய பெற்றோருக்கு,

வணக்கம். நம் பள்ளிக் கணினி அறையின் மேசைக் கணினி ஒன்றில் சென்ற மாதம் முதல் பாயிங்க் (BOINC) என்னும் மென்பொருள் இயங்கி வருகிறது. அதை வீட்டிலும் நிறுவலாமா என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர் சிலர் கேட்டிருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான இந்த இலவச மென்பொருள், கணினி சும்மா இருக்கும் நேரத்தில் ஆய்வாளர்களின் பெருங்கணக்கில் ஒரு சிறு துண்டை இணையம் வழியே பெற்று, செய்து முடித்து, விடையைத் திருப்பி அனுப்புகிறது. நாம் சேர்ந்திருப்பது, துடிவிண்மீன்களை (வேகமாகச் சுழன்று சீரான துடிப்புகளாக அலைகளை அனுப்பும் விண்மீன்களை) தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்னும், 2005இல் தொடங்கிய திட்டம். புவேர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்த அரசிபோ வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளில் மறைந்திருந்த, வினாடிக்கு 40 முறைக்கு மேல் சுழலும் துடிவிண்மீன் ஒன்றை 2010இல் காட்டிக்கொடுத்தவை, இத்திட்டத்தில் சேர்ந்திருந்த, அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இருந்த இன்னொரு கணினியுமே.

நிறுவிய முதல் இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை. கணினி பழசாகிவிட்டது என்றே நானும் நினைத்தேன். பாயிங்க் தன் செயல்களைக் குறித்துவைக்கும் நிகழ்வுப் பதிவைத் திறந்து பார்த்த மாணவிதான் காரணத்தைக் கண்டாள்: வேறு நிரல்கள் கணினியின் செயலியில் (CPU) குறிப்பிட்ட அளவுக்கு மேல் எடுத்துக்கொண்டால் பாயிங்க் தானாகவே நின்றுவிடும், நம் வைரஸ் தடுப்பு நிரலோ ஓயாமல் வட்டைத் துழாவிக்கொண்டிருந்தது. அந்தச் சோதனையை மாலைக்கு மாற்றியதும் வேலை நடந்தது. மின்சாரம் போய் வந்தாலும், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து கணக்கு தொடர்கிறது.

வீட்டில் நிறுவுவது முற்றிலும் தங்கள் விருப்பம். 100 வாட் இழுக்கும் கணினி பத்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும் என்பதால், இரவு முழுவதும் ஓடவிட வேண்டாம். மடிக்கணினி விரைவில் சூடேறும். அதில் வேண்டவே வேண்டாம். மேசைக் கணினியிலும் விசிறியின் தூசியைத் துடைத்துவிட்டு, அமைப்புகளில் செயலியின் பாதியை மட்டும் ஒதுக்குவது நல்லது. பயனர் கணக்கு தங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், பிள்ளையின் பெயரில் வேண்டாம். திரையில் கூடிவரும் புள்ளிகளுக்குப் பண மதிப்பு இல்லை. பணம் தருவதாகவோ கேட்பதாகவோ எவரேனும் அணுகினால் எனக்குத் தெரிவியுங்கள்.

சம்மதமுள்ளோர் இணைப்பிலுள்ள படிவத்தில் கையொப்பமிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்