முழுக் கடிதத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1908 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் வெளியான, ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய்க் கம்பெனி அரசியல்வாதிகளுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால், துணிச்சலான ஒரு பத்திரிகை முதலாளி கடிதங்களை மேடையில் வாசித்தார், ஊழல் செனட்டர் ஒழிந்தார் என்று முடித்துவிட்டாரே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

நான் 31 வருடம் தபால் வேலை பார்த்தவன். பாதிக் காலம் இரவு ரயிலில் கடிதம் பிரிக்கும் வேலை. ஒட்டு விட்டுப்போன உறைகள் நிறைய வரும். உள்ளே இருக்கும் எழுத்து கண்ணில் படத்தான் செய்யும். படிக்காமல் மறுபடி ஒட்டி, ‘கிழிந்த நிலையில் வந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு, ஒரு கடிதம் வெளியே வந்தது என்றால் முதலில் எழும் கேள்வி, எப்படி வந்தது என்பதுதான்.

இது எப்படி வந்தது? நியூயார்க்கில் பிராட்வே 26-ஆம் எண் கட்டடம், ஸ்டாண்டர்ட் ஆயிலின் தலைமை அலுவலகம். அதன் துணைத்தலைவர் ஜான் ஆர்ச்போல்டின் மேசையிலிருந்து, அங்கே வேலை பார்த்த இரண்டு பேர் கடிதங்களை இரவில் எடுத்துப்போய், பத்திரிகை அலுவலகத்தில் படம் பிடிக்கக் கொடுத்து, காலையில் அலுவலகம் திறப்பதற்குள் பழையபடி வைத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியது வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்டின் பத்திரிகை. இது நடந்தது 1904-05 வாக்கில். ஹர்ஸ்ட் ஓஹியோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் மேடையேறி வாசித்தது 1908 செப்டம்பர் 17-இல். மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்றால் கையில் கிடைத்த அன்றே சொல்லியிருக்க வேண்டாமா? மூன்று நான்கு வருடம் பெட்டியில் பூட்டிவைத்து, தன் புதுக் கட்சி வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்கும்போது எடுத்தார். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தச் செனட்டர், ஓஹியோவின் ஜோசப் ஃபோராக்கர், சுத்தமானவர் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் செனட்டரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. 1913-இல்தான் அது மாறியது. ஆகவே சட்டமன்றத்தில் யாருடைய கோஷ்டிக்கு ஆள்பலம் இருக்கிறதோ அவருக்கே பதவி. ஓஹியோ குடியரசுக் கட்சியில் இன்னொரு செனட்டரான மார்க் ஹன்னாவின் கோஷ்டி ஒரு பக்கம், ஃபோராக்கர் கோஷ்டி ஒரு பக்கம். இப்படிப்பட்டவருக்கு 1900-இல் ஆர்ச்போல்ட் எழுதுகிறார்: இன்னொரு மோசமான மசோதா வந்திருக்கிறது, கொஞ்சம் கவனியுங்கள், தீர்த்துக்கட்டச் சிரமம் இருக்காது என்று நம்புகிறேன். இவ்வளவுதான் சாரம். மிரட்டலும் கிடையாது, கெஞ்சலும் கிடையாது. தொட்டி நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்திவிடுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிற தொனி. தொகைகளை விட இந்தத் தொனிதான் எனக்குப் பயமாக இருந்தது.

தொகைகளும் இருந்தன. ஒரு கடிதத்தோடு 15,000 டாலர், இன்னொன்றோடு 14,500. தான் அந்தக் கம்பெனியின் வக்கீல், அது வக்கீல் கூலி என்றார் ஃபோராக்கர். அன்றைய சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் தப்பு தப்புதான். ஆனால் 50,000 டாலர் கடிதத்தின் கதை வேறு. அது ஒரு செய்தித்தாளை வாங்குவதற்காக வந்த கடன், பேரம் முறிந்ததும் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று ஃபோராக்கர் விளக்கம் கொடுத்தார். மேடையில் கேட்டவர்களுக்குப் பணம் வந்த கதை மட்டுமே கிடைத்தது. அடுத்த ஜனவரியில் சட்டமன்றம் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது, மார்ச்சில் அவர் பதவி போயிற்று.

இதே ஃபோராக்கர்தான், 1906-இல் டெக்சாஸ் மாநிலத்துப் பிரௌன்ஸ்வில் ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்காக நீதிமன்ற விசாரணையே இல்லாமல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வேலைநீக்கம் செய்த 167 கறுப்பினச் சிப்பாய்களுக்காகச் சொந்தக் கட்சி ஜனாதிபதியையே எதிர்த்து நின்றவர். அவர்கள் மீதான களங்கத்தை ராணுவம் துடைத்தது 1972-இல்! கட்டுரையில் இதற்கு ஒரு வாக்கியமாவது ஒதுக்கியிருக்கலாம்.

ரூஸ்வெல்ட் என்றதும் அவருடைய கடிதங்களும் நினைவுக்கு வருகின்றன. 1899-இல் அவர் நியூயார்க் மாநில கவர்னர். அங்கே கட்சி தாமஸ் பிளாட் என்ற தலைவரின் பிடியில் இருந்தது. டிராம், கேஸ் கம்பெனிகள் பொதுத் தெருவைப் பயன்படுத்துவதற்கு வரி போடும் மசோதாவை ரூஸ்வெல்ட் ஆதரித்ததும், மே மாதத்தில் பிளாட் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். உங்களை கவர்னராக்கும்போதே எனக்கு இந்தப் பயம் இருந்தது என்கிற மாதிரியான கடிதம். பிற்பாடு 1913-இல் தன் சுயசரிதையில் ரூஸ்வெல்ட் அந்தக் கடிதத்தை எடுத்துப்போட்டு, தான் என்ன பதில் சொன்னார் என்பதையும் சொன்னார்.

அப்புறம் ரூஸ்வெல்ட்டின் அந்தப் பெரிய தடி. ‘மெதுவாகப் பேசு, கையில் பெரிய தடி வைத்திரு, வெகுதூரம் போவாய்’ என்றால் எல்லோருக்கும் போர்க்கப்பலும் பனாமாவும்தான் ஞாபகம் வரும். அவர் அதை மேடையில் சொன்னது 1901-இல். அதற்கு முன்பே, 1900 ஜனவரி 26-இல் ஹென்றி ஸ்பிரேக் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. விஷயம் என்ன தெரியுமா? நியூயார்க் மாநிலத்தின் காப்பீட்டுத் துறைத் தலைவர் பதவி! பிளாட்டின் ஆளான லூ பெய்னுக்கு மறுபடி பதவி தரமாட்டேன் என்று ரூஸ்வெல்ட் பிடிவாதமாக நின்றார், வேறொருவரை நியமிக்கக் கட்சி கடைசியில் சம்மதித்தது. தடி இல்லாமல் போயிருந்தால் கட்சி என் பின்னால் வந்திருக்காது, கூச்சல் போட்டிருந்தால் பத்து ஓட்டுக்கூடக் கிடைத்திருக்காது என்று அந்த நண்பரிடம் மனம் விட்டு எழுதுகிறார். கட்சிக்குள் இருந்துகொண்டே கட்சியை எப்படி வளைத்தார் என்பதை இந்த ஒரு தாள் சொல்லிவிடுகிறது. யாரும் அதைத் திருடவும் இல்லை, எரிக்கவும் இல்லை.

1920 ஆகஸ்டில் டென்னசி மாநிலச் சட்டமன்றத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் திருத்தத்துக்கு இன்னும் ஒரே ஒரு மாநிலத்தின் ஒப்புதல் தேவை. அங்கே உறுப்பினராக இருந்த ஹாரி பர்ன், வயது 24, சட்டையில் எதிர்ப்பணியின் சிவப்பு ரோஜா. பையில் நயோட்டா என்ற சிற்றூரிலிருந்து அம்மா எழுதிய கடிதம்: ஆதரித்து ஓட்டுப் போடு, அவர்களைத் தவிக்கவிடாதே, நீ எந்தப் பக்கம் என்று பேப்பரில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒன்றும் காணோம். 18-ஆம் தேதி அவர் ‘ஆம்’ என்றார், திருத்தம் நிறைவேறியது. லஞ்சம் வாங்கிவிட்டார் என்று பேச்சுக் கிளம்பியதும், மறுநாளே எழுந்து, அம்மா சொன்னபடி செய்தேன் என்று அவைக் குறிப்பிலேயே பதிய வைத்தார். அந்த ஏழு பக்கக் கடிதம் இன்றும் நாக்ஸ்வில் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஐயா, ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட கடிதங்களைப் பற்றி மறுபடி எழுத ஆள் கிடைத்தால், நாலு வரி மட்டும் கட்டம் கட்டிப் போடாதீர்கள். பிளாட் எழுதியதையும் அதற்கு வந்த பதிலையும் முழுதாகத் தமிழில் போடுங்கள். இரண்டு பக்கம் கூடுதலாகும், அவ்வளவுதானே. என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்து நிதானமாகப் படிப்போம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
ஈரோடு