சொந்தத்தில் கட்டியதால் வந்ததில்லை, சுந்தரம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. அல்சர் என்றார்கள், டிபி என்றார்கள், ஆறு மாசம் டிபி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், கடைசியில் பாப்பாவுக்கு க்ரோன் நோய், அதாவது குடலில் ஆறாமல் நீடிக்கும் அழற்சி என்று சொல்லிவிட்டார்கள் என்று படித்ததும் மனசே சரியில்லை. 19 வயதில் இது வரவேண்டுமா? டிபி மாத்திரை கொடுத்ததற்காக டாக்டரைத் திட்டாதே. சிறுகுடல் முடியும் இடத்தில் வரும் புண் இரண்டு நோயிலும் ஒரே மாதிரி இருக்கும், கொலோனோஸ்கோபியில், அதாவது குடலுக்குள் குழாய் விட்டு, சதை எடுத்துப் பார்த்தாலும் பல நேரம் பிரித்துச் சொல்ல முடியாது. டிபி இவ்வளவு இருக்கிற ஊரில் முதலில் அதைத்தான் சந்தேகப்படுவார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

எனக்குக் கோபம் வந்தது உன் பெரியப்பா வீட்டுப் பேச்சைப் படித்துத்தான். "அத்தை மகளைக் கட்டினான், அதான் பிள்ளைக்குக் குடல் புண்ணாப் போச்சு." அதை அப்படியே எழுதிவிட்டு, கீழே "உண்மையா?" என்று ஒற்றை வார்த்தை. நானும் இதே வியாதிக்காரன், வருஷக்கணக்காக இதைப் பற்றிப் படிப்பதே வேலையாக இருந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

இந்த நோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பு இருக்கிறது, அதை மறுக்க முடியாது. 2001இல் பாரிஸில் ஒரு குழுவும் அமெரிக்காவில் ஒரு குழுவும் ஒரே நேரத்தில் 16ஆவது குரோமோசோமில் இருக்கும் நாட்2 என்ற மரபணுவைப் பிடித்தார்கள். பாக்டீரியாவின் சுவரில் இருக்கும் ஒரு சின்னத் துணுக்கு செல்லுக்குள் வந்தால் அதை அடையாளம் கண்டு குரல் கொடுப்பது இதன் வேலை. அதில் வரும் ஒரு மாற்றம் என்ன தெரியுமா? டிஎன்ஏ எழுத்துகளில் சி என்கிற எழுத்து ஒன்று கூடுதலாக நுழைந்துவிடுகிறது, அவ்வளவுதான். அதற்கப்புறம் வாசிப்பே குழம்பி, புரதம் கடைசி 33 அமினோ அமிலம் இல்லாமல் மொட்டையாக நின்றுபோகிறது. பாக்டீரியாவை உணர்வது அந்தக் கடைசிப் பகுதிதான். குடலில் கோடிக்கணக்கில் கிருமி குடியிருக்கிறது, அதைக் கவனிக்க வேண்டியவனுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால் அழற்சி எங்கேயோ தொடங்கி நிற்காமல் போகிறது.

ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இந்த மாற்றம் ஒரு பிரதியில் இருந்தால் க்ரோன் வரும் வாய்ப்பு இரண்டிலிருந்து நாலு மடங்கு, அப்பா அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்திருந்தால் பதினைந்து மடங்குக்கும் மேலே. பயங்கரமாகத் தெரிகிறது இல்லையா? ஆனால் இரண்டு பிரதியும் வைத்திருக்கிற வெள்ளைக்காரர்களிலும் பெரும்பாலோர் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, வயிற்றைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லாமல்தான் இருக்கிறார்கள். நோயே அபூர்வம், அபூர்வத்தைப் பதினைந்தால் பெருக்கினாலும் சிறிய எண்தான். இதில் நமக்கு இன்னொரு விஷயம்: வேலூர் சிஎம்சி-யில் இந்திய க்ரோன் நோயாளிகளிடம் நான் சொன்னதையும் சேர்த்து ஐரோப்பாவில் பேர்போன மூன்று நாட்2 மாற்றங்களைத் தேடிப் பார்த்தார்கள், இல்லை. 2008இல் வெளியிட்டார்கள். ஜப்பான்காரர்களுக்கும் அது கிடையாது, அவர்களுக்கு வேறொரு மரபணு.

அப்புறம் ஆட்களைச் சேர்க்கச் சேர்க்கப் பட்டியல் நீண்டது. 2012இல் கிட்டத்தட்ட 75,000 பேரின் டிஎன்ஏ-வை ஒப்பிட்டு டிஎன்ஏ-வில் நோயோடு தொடர்புள்ள 163 இடங்களைக் குறித்தார்கள், அதில் 110 இடம் க்ரோனுக்கும், பெருங்குடலில் புண் வரும் அதன் சகோதர நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும் பொது. பெரும்பாலான இடம் ஒவ்வொன்றும் ஒரு துளிதான் கூட்டும். சில குறைக்கவும் செய்யும், ஐஎல்23ஆர் மரபணுவில் ஒரு மாற்றம் வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து பாதிக்கும் கீழே. எனக்கு ஆச்சரியமாக இருந்தது எது என்றால், 2009இல் சீனாவில் தொழுநோய் பற்றி ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்த மரபணுக்களிலும் இதே நாட்2 வந்து நின்றது. டிபி, தொழுநோய்க் கிருமிகளோடு நம் முன்னோர் சண்டை போட்ட தடயம்தானோ இதெல்லாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த நினைப்பு பிடித்திருக்கிறது, நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

மரபணுவே எல்லாம் என்றால் ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தாகவேண்டும். க்ரோனில் பாதிக்குக்கூட எட்டுவதில்லை, கொலைட்டிஸில் இன்னும் ரொம்பக் குறைவு. இங்கிலாந்தில் லெஸ்டருக்குக் குடியேறிய நம் நாட்டுக்காரர்களிடம் கொலைட்டிஸ் அதிகமாகத் தெரிந்தது. கப்பல் ஏறியதால் ரத்தம் மாறிவிடுமா? சாப்பாடு, சிகரெட், சின்ன வயசில் விழுங்கிய ஆன்டிபயாட்டிக், குடலில் குடியிருக்கும் கிருமிக் கூட்டம், இதெல்லாம் கலந்த சமாசாரம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். சொந்தத்தில் கட்டுவதால் பாதிக்கக்கூடிய ஒரு வகை உண்டு, ஆனால் அது வேறு. பிறந்த சில மாதத்திலேயே குழந்தைக்கு ரத்தமாகப் போகும், ஆசனவாய் பக்கம் புரை ஓடும், எந்த மருந்துக்கும் கேட்காது. அழற்சியை அடக்கச் சொல்லும் ஐஎல்-10 என்ற புரதத்தின் செய்தியை வாங்கும் ஏற்பியின் மரபணு இரண்டு பிரதியும் கெட்டால் அப்படி வரும், 2009இல் கண்டுபிடித்ததே நெருங்கிய உறவில் திருமணம் செய்த குடும்பங்களில்தான். எலும்பு மஜ்ஜை மாற்றினால் சரியாகிறது. 18 வயசு வரை புரோட்டாவும் சால்னாவும் செரித்துக்கொண்டிருந்த பெண்ணின் கதை அது இல்லை. பெரியப்பாவிடம் இதையே சொல். கேட்கவில்லை என்றால் விட்டுவிடு, உன் வீட்டுக்காரி மரகதம் காதில் மட்டும் இந்தப் பேச்சு விழாமல் பார்த்துக்கொள்.

பாப்பாவின் தம்பிக்கு எச்சில் எடுத்து அனுப்பும் ஜீன் டெஸ்ட் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். கூடப்பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து அளவில்தான், அந்த டெஸ்ட் எதைச் சொன்னாலும் நீ செய்யப்போவது ஒன்றும் மாறாது. அவன் சிகரெட் பக்கம் போகாமல் இருக்கட்டும், க்ரோனுக்கு அது விஷம்.

ஆனால் பாப்பாவுக்கு ஒரு டெஸ்ட் கேட்டே ஆகவேண்டும், இந்தக் கடிதத்தில் நீ மறக்கக் கூடாதது இதுதான். நோய் எதிர்ப்பை அடக்கும் அசாதயோபிரின் மாத்திரை எழுதப்போகிறார்கள் என்றாயே, அதற்கு முன் என்யுடிடி15 என்ற மரபணுவைப் பார்க்கச் சொல். இந்த மரபணு மாறியிருப்பவர்களுக்கு அந்த மருந்து உடம்பில் தங்கிவிடும். 2014இல் கொரியாவில் கண்டுபிடித்தார்கள், நம் நாட்டில் பத்துக்கு ஒருவராவது இதைச் சுமக்கிறார்கள். எனக்கு இரண்டு பிரதியும் மாறியிருந்தது, அது தெரியாமல் மாத்திரை ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் காலையில் தலையணை உறை முழுக்க முடி, சீப்பை வைத்தால் கொத்தாக வந்தது, ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் வெறும் 900. பத்து நாள் ஆஸ்பத்திரி. டெஸ்ட் செய்ய வழி இல்லாவிட்டாலும் குறைந்த டோசில் ஆரம்பித்து முதல் இரண்டு மாதம் வாராவாரம் ரத்தம் பார்க்கச் சொல். முடி கொட்டுகிறது என்று அவள் சொன்னால் ஷாம்பூவை மாற்றாதே, அன்றைக்கே டாக்டருக்கு போன் பண்ணு.

இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவனுக்கு கோயம்புத்தூரில் வேலை மாற்றம், வீடு பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு இப்போது ஊசி மருந்துதான், எட்டு வாரத்துக்கு ஒருமுறை, பிரியாணி கூட ஒத்துக்கொள்கிறது. பாப்பாவிடம் என் நம்பரைக் கொடு, வெட்கப்படாமல் எதையும் கேட்கலாம். ரத்த ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
ராஜேந்திரன்
திருச்சி