கட்டபொம்மனுக்கு ஒரு கல்யாணக் கடுதாசி

கிளாஸ்கோ
ஞாயிறு ராத்திரி

டேய் கட்டபொம்மா,

திட்டுறதை எல்லாம் திட்டி முடிச்சுட்டு அப்புறம் படி. தினம் காலையில வாட்ஸ்அப்புல முருகன் படம் அனுப்புற, நான் ஒரு கும்பிடு போட்டுட்டு ஓடிடுறேன். இதையெல்லாம் பேச்சுவார்த்தைன்னு கணக்குல சேர்க்க முடியாது. உன் சர்க்கரை எவ்வளவுல நிக்குது, தங்கச்சிக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சா, பாப்பாவோட பையன் பேசுறானா, எல்லாம் எழுது. நாங்க சௌக்கியம். எனக்கு மட்டும் பிரஷர். காரணம் கீழே.

சின்னவளுக்குக் கல்யாணம். செப்டம்பர்ல. பையன் இந்த ஊர்க்காரன், ஏர்னு (Ayr) ஒரு ஊர்ப் பக்கம். அவ ஆஸ்பத்திரியிலயே பிசியோதெரபிஸ்ட். நல்ல பிள்ளைடா. ரசம் குடிக்கிறான், கண்ணுல தண்ணி வழிய வழியக் குடிக்கிறான். வீட்டம்மா அதுலயே விழுந்துட்டா.

இடம்தான் விசேஷம். 1992 பொங்கலுக்கு வந்தப்ப உனக்கு ஒரு அஞ்சு பவுண்டு நோட்டு குடுத்தேனே, ஞாபகம் இருக்கா? ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டு. பின்பக்கம் ஒரு கோட்டை. "என்னடா, நம்ம செஞ்சியைப் போட்டிருக்கான்"னு கேட்டியே, அந்தக் கோட்டைதான். அங்கதான் கல்யாணம்.

பேரைச் சொல்லவே எனக்கு முப்பது வருஷம் ஆச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சா 'கல்சியன்'னு வரும். சொல்ல வேண்டியது 'கலேன்'. நடுவுல இருக்கிற இசட் இசட்டே இல்லையாம். பழைய ஸ்காட்டிஷ்ல 'யோக்'னு ஒரு எழுத்து இருந்திருக்கு. அச்சகத்துல அந்த எழுத்து இல்லாம, பார்க்க ஒத்துப்போற இசட்டைப் போட்டுட்டான். நம்ம 'ழ' இங்கிலீஷ்ல மாட்டிக்கிட்டுப் படுற பாடுதான்.

போன மாசம் போய்ப் பார்த்துட்டு வந்தோம். செங்குத்துப் பாறை, கீழே கடல் அடிச்சுக்கிட்டே இருக்கு, மேலே விளிம்பை ஒட்டிக் கட்டியிருக்கான். கென்னடின்னு ஒரு பிரபு குடும்பம். ராபர்ட் ஆடம்ங்கிற கட்டடக் கலைஞனை வச்சு 1777-ல ஆரம்பிச்சு 1792 வரைக்கும் கட்டினாங்க. நீ தூக்குல தொங்கினது 1799, அதனால உனக்கு ஏழு வருஷம் மூத்த கோட்டைன்னு வச்சுக்கோ. உள்ள நுழைஞ்சதும் சுவர் பூராவும் துப்பாக்கியும் வாளும். வாசல்ல கோலம் போட்ட மாதிரி வட்டம் வட்டமா அடுக்கி வச்சிருக்கான். வீட்டம்மா பார்த்ததும் கேட்டது: "இதையெல்லாம் யாரு தூசி தட்டுவா?"

நடுவுல நீள்வட்டமா ஒரு மாடிப்படி. பொண்ணு இறங்கி வர்றதுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு. கடலைப் பார்த்து வட்டமா ஒரு கூடம். அதோட ஜன்னல்ல நின்னா தூரத்துல கடல் நடுவுல ஒரு பாறைத் தீவு, கொழுக்கட்டையைக் கவுத்து வச்ச மாதிரி. எய்ல்சா கிரெய்க்னு பேரு. ஒலிம்பிக்ஸ்ல பனி மேல கல்லைத் தள்ளி, முன்னாடி துடைப்பத்தால தேய்ச்சுக்கிட்டே ஓடுவாங்களே, அந்தக் கல்லுக்குக் கிரானைட் அங்கேருந்துதான். மேல்மாடியை 1945-ல அமெரிக்கத் தளபதி ஐசனோவருக்கு ஆயுசு பூராவும் தங்கிக்கோன்னு குடுத்தாங்களாம். மனுஷன் வந்தது நாலே தடவை.

இப்ப கோட்டை கென்னடிங்ககிட்ட இல்ல. அதே 1945-லேயே நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்துக்குக் குடுத்துட்டாங்க. நமக்கு அது ஒரு கல்யாண மண்டபம், அவ்வளவுதான். அட்வான்ஸ் கட்டணும், இத்தனை மணிக்குக் காலி பண்ணணும். பழைய சாமான்களுக்கு நடுவுல ஹோமப் புகை போடலாமான்னு நான் வாயைத் திறந்து கேட்கவே இல்ல. குத்துவிளக்கு கூட வேண்டாம்னுட்டேன். தாலி, மாலை, அட்சதை. போதும்.

இந்த ஊர்ச் சடங்கும் உண்டு. ரெண்டு பேர் கையையும் சேர்த்து வச்சு, கட்டம் போட்ட துணியால முடிச்சுப் போடுவாங்க. முந்தானை முடிச்சு மணிக்கட்டுக்கு ஏறிடுச்சுன்னு வச்சுக்கோ. அப்புறம் ரெண்டு காது வச்ச கிண்ணம், க்வெய்க்னு பேரு, அதுல விஸ்கி ஊத்தி மாத்தி மாத்திக் குடிக்கணும். இன்னொண்ணு இருக்கு. பொண்ணு கார்ல ஏறும்போது பொண்ணோட அப்பன் சில்லறையை அள்ளி வீதியில இறைக்கணும், பிள்ளைங்க பொறுக்கும். இதைக் கேட்டதும் மாமியார்க்காரி போன்லயே அலறிட்டாங்க: "நம்ம பக்கம் எப்ப மாப்பிள்ளை காசு இறைப்போம், தெரியுமில்ல?" சவ ஊர்வலத்துக்குன்னு நான் அந்த வெள்ளைக்காரங்களுக்கு எப்படிச் சொல்லுவேன்?

பேக்பைப் வாசிக்க ஒருத்தர் வர்றார். நம்ம நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊத ஒரு ஆள் தனியா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்காரணும். இங்க மூணு ஒத்துக் குழலைத் தோள்ல சாய்ச்சு, கக்கத்துல பையை இடுக்கி, ஒரே ஆள் எல்லாத்தையும் பார்த்துக்கிறார். கோட்டைக்கு அடியில குகை இருக்கு. பேய் கிடையாதுன்னு நிரூபிக்க ஒரு பைப்பர் நாயோட உள்ள போனாராம், ஊதுற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டுதாம், அப்புறம் நின்னு போச்சாம். கென்னடி வீட்டுல கல்யாணம்னா இன்னும் அந்த ஊதல் கேட்கும்னு கதை. 'நமக்கும் ஊதுவாரா, இல்ல கென்னடிக்கு மட்டும்தானா'ன்னு சின்னவ கேக்குறா.

இப்ப பிரஷர் விவகாரம். சம்பந்தி ஒரு நாள் டேப்போட வந்து நிக்கிறார். நானும் கில்ட் கட்டணுமாம், அதான் இந்த ஊர் ஆம்பளைங்க கட்டுற கட்டம் போட்ட பாவாடை. தொட்டுப் பார்த்தேன். 8 கெஜம் கம்பளித் துணிடா! எங்க பாட்டி கட்டின புடவைக்கு ஒரு கெஜம்தான் கம்மி. பின்னாடி பூரா கொசுவம், முன்னாடி தட்டை. பாக்கெட் கிடையாது, அதனால இடுப்புக்கு முன்னாடி ஒரு தோல் பை. காலுறையில ஒரு குட்டிக் கத்தி. முன்மடிப்புல ஒரு ஊக்கு. அந்த ஊக்கை ரெண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்தக்கூடாது, மேல் துணியில மட்டும் குத்தணும்னு கடைக்காரர் பாடம் எடுத்தார். நான் வேட்டிதான்னு நிக்கிறேன். வீட்டம்மா கேட்டா: "மலை உச்சி, கடல் காத்து. திருச்செந்தூர்ல என்ன நடந்துச்சுன்னு எனக்கும் சொல்லியிருக்காங்க." எவன் சொன்னான்னு எனக்குத் தெரியும்டா. நீ வா, வச்சுக்கிறேன்.

சம்பந்தி தங்கமான மனுஷன். ஏர்ல பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். குலத்தை இங்க கிளான்னு சொல்லுவாங்க. "உங்க கிளானோட கட்டம் எது?"ன்னு மரியாதையாக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சார். கிளானும் கிடையாது ஒண்ணும் கிடையாது, எங்க அப்பா சுரங்கத்துல கரி வெட்டினவர், வாடகைக் கடையில என் பெண்டாட்டிக்குப் பிடிச்ச கலரை எடுத்தோம்னார். அப்புறம் தேடிப் படிச்சேன். 1746-ல கலகத்தை அடக்கினதுக்கு அப்புறம் மலைநாட்டு ஆம்பளைங்க இந்த உடுப்பைப் போடக்கூடாதுன்னே சட்டம் போட்டிருக்கான், 1782-லதான் எடுத்தான். 1822-ல ராஜா எடின்பரோவுக்கு வந்தப்ப எல்லாரும் கட்டத் துணிக்கு அலைமோதினாங்க. குடும்பத்துக்கு ஒரு கட்டம்ங்கிற மோகம் பெரும்பாலும் அதுக்கப்புறம்தான் பரவியிருக்கு. ஆதிகாலத்துலேருந்து வர்ற குல அடையாளம்னு நான் முப்பது வருஷமா நம்பிக்கிட்டு இருந்தேன்.

இதையெல்லாம் எதுக்கு அளக்குறேன்னா, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமத்தான்.

போன வாரம் அண்ணன் போன் போட்டான். "கோட்டையாமே! சம்பந்திக்குச் சொந்தமா?" வாடகைன்னு சொன்னேன். காதுலயே வாங்கல. ராஜ வம்சத்துல பொண்ணு குடுக்குறோம்னு ஊர் பூராவும் சொல்லிட்டான். பதினோரு பேருக்கு விசா வேணுமாம். அண்ணி, குளிருக்கு என்ன கோட்டு எடுக்கணும்னு கேக்குறா. சித்தப்பா வர்றார். பையன் என்ன ஜாதின்னு ஒருத்தன் கேட்கல. மாடு தின்பானான்னு கூடக் கேட்கல. வெள்ளைத் தோலா, சரி, கோட்டையா, ரொம்பச் சரி.

போனை வச்சதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வரலடா.

2017 ஜூன். பாப்பா கல்யாணம். ரிஜிஸ்தர் ஆபீஸ்ல மூணு சாட்சி வேணும், மூணாவது கையெழுத்து நீதான்னு ஒரு மாசம் முன்னாடியே சொல்லியிருந்த. லீவு கிடைக்கல, கிளாஸ்கோவுல மாட்டிக்கிட்டேன்னு நான் மெசேஜ் அனுப்பினேன்.

நான் கிளாஸ்கோவுல இல்ல. திருச்சியில அண்ணன் வீட்டுல இருந்தேன். அம்மா திதிக்கு வந்திருந்தேன். பஸ் ஏறினா மதியத்துக்குள்ள உன்கிட்ட வந்திருக்கலாம். "அந்தக் கல்யாணத்துல போய் நின்னேன்னா இனிமே அம்மா திதிக்கு இந்த வாசப்படி மிதிக்காதே"ன்னான் அண்ணன். நான் பதில் பேசல. சாப்பிட்டேன், படுத்தேன். மத்தியானம் உன் போன் ரெண்டு தடவை வந்துச்சு. ஸ்விட்ச் ஆஃப் பண்ணேன். நீ ஆட்டோக்காரரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினதைப் பின்னாடி சிரிச்சுக்கிட்டே சொன்ன. நானும் சிரிச்சேன். அவர் இன்னிக்கும் பொங்கலுக்குப் பாப்பாவுக்குக் கரும்பு கொண்டுவந்து குடுக்குறார்னு சொன்னப்பவும் "பரவால்லையே"ன்னேன்.

உனக்கு இது தெரியும்னு எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா உண்டு. தெரிஞ்சும் முருகன் படம் அனுப்பிக்கிட்டு இருக்கியோ என்னமோ. தெரியாதுன்னா இப்பத் தெரிஞ்சுக்கோ. அண்ணன் மேல பழி போட்டு நான் தப்பிக்கப் பார்க்கல. அவன் சொன்னான், நான் கேட்டேன். எனக்கு அப்பவே வயசு அம்பத்தாறு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த ஊர்ச் சட்டப்படி கோட்டையோ கடற்கரையோ, எங்க வேணும்னாலும் கல்யாணம் பண்ணலாம். அனுமதி இடத்துக்கு இல்ல, நடத்தி வைக்கிறவருக்குத்தான். பொண்ணும் பையனும் ஆளுக்கொரு படிவம் குறைஞ்சது 29 நாள் முன்னாடி பதிவாளர்கிட்ட குடுக்கணும். நம்ம ஊர்ல 30 நாள் நோட்டீஸ் ஒட்டி, யார் வந்து கலாட்டா பண்ணுவானோன்னு நீ பயந்துக்கிட்டு இருந்தது ஞாபகம் வருது. இங்க பதிவாளர் ஒரு தாள் தருவார், மேரேஜ் ஷெட்யூல்னு. அது இல்லாம பைப் ஊதினாலும் தாலி கட்டினாலும் செல்லாது. அதுல ரெண்டு சாட்சி கையெழுத்துப் போடணும். பதினாறு வயசு ஆனவங்க யாரா இருந்தாலும் சரி. பையன் பக்கம் அவனோட அக்கா.

எங்க பக்கம் நீ போடணும்.

சின்னவகிட்ட சொல்லிட்டேன், திருச்சி உட்பட எல்லாத்தையும். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "மாமா வரமாட்டேன்னு சொன்னாலும் அது நியாயம்தான்பா"ன்னா. அவ சொன்னதும் சரி. நீ வரலைன்னா நான் ஒண்ணும் கேட்கமாட்டேன். ஆனா வந்தா, தங்கச்சி, பாப்பா, மருமகன், குட்டிப் பையன் எல்லாரும் வரணும். அழைப்புக் கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட், விசாவுக்கு என்னென்ன வேணுமோ எல்லாம் இந்த வாரம் அனுப்புறேன். அண்ணனுக்கு உன் குடும்பம்தான் முன்வரிசைன்னு எழுதிட்டேன். அவனுக்கு அது பிடிக்கலைன்னா கோட்டையை வெளியிலேருந்து பார்த்துக்கட்டும், கடற்கரையிலேருந்து பார்த்தா அழகாத்தான் இருக்கு.

வர்றதா இருந்தா எனக்கு ஒரு எட்டு முழம் வேட்டி, மயில்கண் கரை, அதோட ஒரு நல்ல பச்சை பெல்ட். ஒட்டிக்கோ கட்டிக்கோ எல்லாம் வேண்டாம். ஸ்வெட்டர் இங்க தர்றேன். சம்பந்தி உன்னை வேன்ல கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்கார். பஸ் ஓட்டின கை, பயப்படாதே. அவர் பேசுற இங்கிலீஷ் எனக்கே பாதிதான் புரியும், நீ பாட்டுக்குத் தமிழ்லயே பேசு.

அந்த அஞ்சு பவுண்டு நோட்டு இன்னும் இருந்தா எடுத்துட்டு வா. கடையில இப்ப வாங்கமாட்டான். சம்பந்திக்குக் காட்டணும்.

உன்
ஊமைத்துரை

பி.கு.: அந்த ஆட்டோக்காரர் பேர் என்னடா? இத்தனை வருஷமா நான் கேட்டதே இல்ல. மறக்காம எழுது.