முதுமலைப் பயணம்: பெற்றோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 5.30 மணிக்குக் கூடலூர் பஸ் ஸ்டாண்ட் முன்பிருந்து வேன் கிளம்பும். தெப்பக்காட்டில் வனத்துறை வண்டிக்கு மாறுகிறோம்.

1. வழியில் எங்கேயும் இறங்கக் கூடாது. குட்டியோடு யானை நின்றால் ஹாரன், பிளாஷ், கூச்சல் எதுவும் வேண்டாம். காதை விரித்து நம் பக்கம் திரும்பினால் அது எச்சரிக்கை.

2. குரங்குக்கோ மானுக்கோ ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள். போன தடவை ஜன்னல் வழியே விழுந்த ஒரு துண்டுக்காக, வயிற்றில் குட்டி தொங்க ஒரு தாய்க்குரங்கு நடுரோட்டுக்கு ஓடி வந்துவிட்டது. எதிரே வந்த லாரியின் பிரேக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தயவுசெய்து பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

3. பச்சை, பழுப்பு நிற உடை. சென்ட் வேண்டாம்.

4. தண்ணீர் ஸ்டீல் பாட்டிலில். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பது தெரியும்தானே.

5. புலியைப் பார்த்தால் உடனே லொகேஷன் பகிராதீர்கள். பத்து வண்டி வந்து வழியை மறித்துவிடும்.

புலி தெரியாமலும் போகலாம். காட்டுமாடும் மலையணிலும் பார்ப்பதே பெரிய பாக்கியம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

வருபவர்கள் பிள்ளையின் பெயர், எத்தனை பேர் என்பதை வியாழன் இரவு 8 மணிக்குள் இங்கே பதிவிடவும்.