ரேடியோ சீயாக்கின் போர்க்காலக் குரலைத் தமிழிலும் சொல்லுங்கள்

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தலைவருக்கும், பழைய ஒலிப்பதிவுகளைக் காத்துவரும் ஊழியர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டில் உங்கள் வானொலியைக் கேட்டு வளர்ந்தவன் நான். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஒலிக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. பிறந்தநாள் வாழ்த்தில் தெரிந்தவர் பெயர் வந்துவிட்டால், அன்று முழுக்க அதே பேச்சுதான்.

அந்த வானொலி கடல் தாண்டி ஒலித்ததற்குப் பின்னால் ‘ரேடியோ சீயாக்’ என்ற படைவீரர் வானொலியின் போர்க்கதை இருப்பது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதுவும் ஆங்கிலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் தமிழ்ச் சேவையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதைச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், நேச நாட்டுப் படைத்தலைவர் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்கு ஆசியத் தலைமையகத்தை (ஆங்கிலச் சுருக்கத்தில் ‘சீயாக்’) இலங்கையின் கண்டிக்கு மாற்றினார். பர்மாவில் ஜப்பானியரோடு போரிட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் 14ஆம் படை தன்னையே ‘மறக்கப்பட்ட படை’ என்று சொல்லிக்கொண்ட நேரம் அது. காட்டில் மலேரியா, விடாத மழை. ஊரிலிருந்து கடிதம் வர வாரக்கணக்கில் ஆகும். லண்டன் வானொலியோ தொலைவில் கரகரவென்று தேய்ந்து கேட்கும். ஆனால் எதிரியின் நிலையங்கள் பாட்டும் பிரசாரமுமாகப் பக்கத்திலிருந்தே பேசின. மனம் தளர்ந்தவனிடம் முதலில் போய்ச் சேர்வது யாருடைய குரல் என்பது சின்ன விஷயமில்லை. மவுண்ட்பேட்டனுக்கு அது தெரிந்திருந்தது. பத்திரிகையாளர் ஃபிராங்க் ஓவனை ஆசிரியராக வைத்து, கல்கத்தாவில் அச்சாகும் ஒரு நாளிதழை வீரர்களுக்காகத் தொடங்கினார். அதே 1944இல் கொழும்பிலிருந்து ‘ரேடியோ சீயாக்’ ஒலிக்கத் தொடங்கியது. கையில் இருந்தது 7.5 கிலோவாட் சிற்றலை (ஷார்ட்வேவ்) அனுப்பி ஒன்றுதான். செய்தி, பாட்டு, நாடகம் எல்லாம் அதன் வழியாகத்தான் போயின.

கேட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 14ஆம் படையில் பெரும்பகுதி இந்தியர்கள். ஆப்பிரிக்க வீரர்களும் இருந்தார்கள். பாதை போட, பாலம் கட்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தமிழர்கள் அங்கே போயிருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலி தமிழிலும் பேசியது. போரின் இரண்டு பக்கமும் நம்மவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கொழும்புக்கு வடக்கே உள்ள ஏக்கலையில் 100 கிலோவாட் மார்கோனி அனுப்பி ஒலிபரப்பைத் தொடங்கியது 1946இல். அதற்குள் போரே முடிந்துவிட்டது. ஆனால் வீரர்கள் வீடு திரும்பவில்லை. கப்பல் கிடைக்காமல், உத்தரவு வராமல் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். 1946 ஜனவரியில் கராச்சியில் பிரிட்டிஷ் விமானப்படையினர் வேலைநிறுத்தமே செய்தார்கள். அது இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் பரவியது. அப்படிக் காத்திருந்தவர்களுக்கு ஊர் ஞாபகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது அந்தப் பெரிய அனுப்பி. பின்னாளில் பிபிசியில் பெயர் பெற்ற டேவிட் ஜேக்கப்ஸ் ரேடியோ சீயாக்கில் அறிவிப்பாளராக இருந்தவர்தான்.

1949இல் எல்லாம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. 1952 வாக்கில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தபோது, இந்தியா முழுக்கக் காதுகள் கொழும்புப் பக்கம் திரும்பின. அமீன் சயானியின் இந்திப் பாட்டு வரிசையும் மயில்வாகனம் அவர்களின் தமிழ்க் குரலும் அப்படித்தான் எங்களை வந்தடைந்தன. படைவீரனுக்கு வீட்டை நினைவூட்ட வைத்த அனுப்பி, அப்புறம் எங்கள் வீட்டு முற்றத்துக்கே பாட்டைக் கொண்டுவந்தது.

உங்கள் இசைத்தட்டு நூலகத்தின் அருமை ஆசியா முழுக்கத் தெரியும். 1944 முதல் 1949 வரையிலான அந்த ஐந்து வருடத் தட்டுகள், நிகழ்ச்சிக் குறிப்புகள், நேயர் கடிதங்கள் எது மிஞ்சியிருந்தாலும் முதலில் அவற்றை எண்ணிமப்படுத்துங்கள் (டிஜிட்டலாக்குங்கள்). அரக்குத் தட்டு ஒருமுறை விரிசல் விட்டால் போச்சு, மறுபடி கிடைக்காது. நிதிதான் தடை என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். உலகெங்கும் இருக்கும் உங்கள் தமிழ் நேயர்களிடம் கேட்டால் கை கொடுக்க ஆள் இருக்கிறது. நானும் வருவேன்.

ஏக்கலையில் மூன்று மொழியிலும் ஒரு கல்வெட்டு வையுங்கள். பிறகு தமிழ்ச் சேவையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மிஞ்சிய பதிவில் ஒன்றையாவது போட்டுக் காட்டுங்கள். பர்மாவுக்குப் போய்வந்த தாத்தாக்களின் பிள்ளைகள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அப்பா அங்கே வானொலியில் என்ன கேட்டார் என்று அவர்கள் சொல்வதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர்களுக்கும் வயதாகிறது.

பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கும்,
உங்கள் பழைய நேயர்