‘குவாண்டம்’ அலர்ஜி முகாம்: விசாரித்து வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகை வட்டாரங்களில் கல்யாண மண்டபங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் ‘குவாண்டம் அலர்ஜி பரிசோதனை முகாம்’ என்று நடப்பவை, மாவட்டப் பக்கங்களில் செய்தி போலவே வெளியாகின்றன. ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது, ஒரே நிமிடத்தில் நூறு பொருள்களுக்கு ரிசல்ட், கூடவே ‘காஸ்மிக் ஆற்றல்’ சிகிச்சை என்கிறது நோட்டீஸ். இயற்பியலும் கணிதமும் கற்பிப்பவர்களும் ஒவ்வாமை மருத்துவம் பார்ப்பவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் துறைகள் எல்லாவற்றையும் ஒரே நோட்டீஸில் இழுத்துவிட்டதால் ஆளுக்கொரு கடிதமாக மறுப்பதில் பயனில்லை.

முதலில் கருவி. லேப்டாப்பில் யூஎஸ்பி கேபிளால் மாட்டிய ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒயரோடு வரும் உலோக உருளை. பெயர், வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்று கேட்டு டைப் செய்துகொள்வார்கள். உருளையைக் கையில் பிடித்தால் சற்று நேரத்தில் பல பக்க அறிக்கை பிரிண்ட் ஆகி வரும். உடலின் அணுக்கள் வெளியிடும் காந்த அலையைக் கருவி படிப்பதாக விளக்கம் தருவார்கள்.

அணுக்கருவின் காந்த ஒத்ததிர்வைப் படிக்கும் கருவி உண்மையில் இருக்கிறது. அது எம்ஆர்ஐ. திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்த காந்தச் சுருள் 1.5 டெஸ்லா புலத்தை உண்டாக்க, உடலின் நீரில் உள்ள ஹைட்ரஜன் கருக்கள் சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும். நம் பகுதியில் பூமியின் காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். எம்ஆர்ஐ காந்தம் அதைவிட 37,000 மடங்கு வலுவானது. காந்தம் எதுவும் வைக்காமல், உடலே உண்டாக்கும் புலத்தை அளப்பதும் முடியும். ஆனால் இதயத்தின் புலமே அதிகபட்சம் 100 பிக்கோடெஸ்லா அளவில்தான் இருக்கும், அதாவது பூமியின் புலத்தில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. அதற்கு மீகடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) கொண்டு செய்த உணரியும், வெளிக்காந்தம் நுழையாதபடி விசேஷ உலோகத் தகடு போர்த்திய அறையும் வேண்டும். மண்டப வாசலில் ஒரு டவுன் பஸ் வந்து நின்றால் அதைவிடப் பல மடங்கு பெரிய காந்த மாற்றம் உண்டாகும். சாதாரண யூஎஸ்பி வழியே கிடைப்பதோ 5 வோல்ட், அரை ஆம்பியர், ஆக இரண்டரை வாட். இதை வைத்துக்கொண்டு அந்த உருளை மிஞ்சிப் போனால் உள்ளங்கைத் தோலின் மின்தடையைத்தான் அளக்கும். சித்திரை வெயிலில் வியர்த்த கைக்கும் ஏசி அறையில் உலர்ந்த கைக்கும் அதுவே எங்கேயோ போய்விடும்.

காஸ்மிக் சமாச்சாரத்துக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதிச் சிதறி, கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூயான் (எலக்ட்ரானைப் போன்ற, அதைவிடக் கனமான துகள்) என்ற கணக்கில் நம்மைத் துளைத்துப் போகின்றன. உள்ளங்கையை விரித்து வைத்தால் நிமிடத்துக்கு நூறு. அவற்றைத் திரட்டவோ நோயாளியின் பக்கம் திருப்பிவிடவோ உலோக உருளையால் ஆகாது. இவற்றை ஒழுங்காக அளப்பவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் 560 சதுர மீட்டர் பரப்பில் 3,712 எண்ணிக் குழாய்கள் வைத்து, நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூயான்களை எண்ணுகிறார்கள். ஏன் இத்தனை? எண்ணிக்கை 100 என்றால் தற்செயலாகவே 10 கூடக் குறைய வரும். 10,000 என்றால் 100. பிழை, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்பதால், ஒரு சதவீத மாற்றத்தை நம்பிச் சொல்லவே பல்லாயிரக்கணக்கில் எண்ணியாக வேண்டும். முகாம் அறிக்கையோ ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு தசம ஸ்தானத்தோடு விடை தருகிறது. பிழை எவ்வளவு என்ற பேச்சே அதில் இல்லை.

உண்மையான தோல் பரிசோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்துவிட்டால் வாசகர்கள் ஏமாற மாட்டார்கள். செட்ரிசின், லெவோசெட்ரிசின், அவில் வகை அலர்ஜி மாத்திரைகளை டாக்டரிடம் கேட்டு ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இளைப்பு அடங்காமல் இருப்பவருக்கு அன்று சோதனை செய்யக்கூடாது. முன்கையின் உள்பக்கம் குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் அலர்ஜி தரக்கூடிய ஒவ்வொரு பொருளின் சாரத்திலும் ஒரு துளி வைப்பார்கள். துளி வழியாக லான்செட் என்ற சிறு ஊசிமுனையால், ரத்தம் வராமல், மேல்தோலை மட்டும் குத்துவார்கள். துளிக்குத் துளி லான்செட்டை மாற்ற வேண்டும். கூடவே இரண்டு துளிகள் கட்டாயம் இருக்க வேண்டும்: ஹிஸ்டமின் (அலர்ஜியின்போது உடலே வெளிவிட்டுத் தடிப்பை உண்டாக்கும் பொருள்), வெறும் உப்புநீர். பதினைந்து நிமிடம் கழித்து ஹிஸ்டமின் இடம் தடிக்கவில்லை என்றால் மாத்திரையின் வேகம் உடம்பில் இன்னும் இருக்கிறது என்று பொருள். அன்றைய சோதனை மொத்தமும் செல்லாது. உப்புநீர் இடமே தடித்தால் அது கீறினாலே தடிக்கும் தோல். அந்த முடிவையும் நம்ப முடியாது. அளக்க வேண்டியது சுற்றியுள்ள சிவப்பை அல்ல, தடிப்பை. நம் தோல் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. விரல்நுனியால் தடவிப் பார்த்து, தடிப்பின் விளிம்பைப் பேனாவால் வரைந்து, அதன்மேல் செல்லோடேப் ஒட்டி எடுத்துத் தாளில் ஒட்டி வைப்பதுதான் நல்ல பழக்கம். உப்புநீர்த் தடிப்பைவிட 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் பாசிட்டிவ்.

இதிலும் கோளாறு வரும். மின்விசிறி இல்லாத கூடத்தில் கை வியர்த்துத் துளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். சாரங்களை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டி இல்லாமல் மே மாதத்தில் கார் டிக்கியில் கொண்டு வந்தால் புரதம் கெட்டு, இருக்கிற அலர்ஜியும் இல்லை என்று வரும். சோதனை மேசையில், கடும் அலர்ஜியில் உயிர்காக்கும் அட்ரினலின் ஆம்பூலும் சிரிஞ்சும் தயாராக இல்லாத இடத்தில் கையை நீட்டவே கூடாது. பெரியவருக்கு 1:1000 கரைசலில் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். கடும் அலர்ஜியில் மூச்சு முட்டுபவருக்கு முதலில் அவிலும் டெக்ஸா என்ற ஸ்டீராய்டும் போட்டுவிட்டு அட்ரினலினைக் கடைசிக்குத் தள்ளும் வழக்கம் இன்னும் போகவில்லை. அதைப் பற்றியும் ஒருநாள் எழுத வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் குறிப்பிட்ட பொருளுக்கான, அலர்ஜியைத் தூண்டும் ஐஜிஇ எதிர்ப்புரதத்தைத் தேடுகிறார்கள். பாசிட்டிவ் என்று கொள்ளும் வழக்கமான எல்லையான மில்லிலிட்டருக்கு 0.35 அலகு என்பது, ஒரு லிட்டர் ரத்தச் சீரத்தில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான புரதம். அதைப் பிடித்து, கழுவி, ஒளிரும் பொருளாக மாற்றி, அந்த ஒளியை அளக்கிறார்கள். எலக்ட்ரான் ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு இறங்குவதால் வரும் ஒளி அது. அலர்ஜி ஆய்வகத்தில் குவாண்டம் இயற்பியல் வேலை செய்யும் இடம் இதுதான். எந்த ஆய்வகமும் அதைப் போர்டில் எழுதி மாட்டுவதில்லை. மொத்த ஐஜிஇ கூடுதலாக இருக்கிறது என்று பயமுறுத்துவார்கள், அதற்கும் மயங்க வேண்டாம். குடற்புழு இருந்தாலே அது கூடும். யானைக்கால் நோய்க் கிருமியாலும் கூடும். ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புரதத்தை அளந்து, உணவுக்கு ‘ஐஜிஜி டெஸ்ட்’ என்று விற்பதை அலர்ஜி மருத்துவச் சங்கங்கள் ஏற்பதில்லை. அந்த உணவை நீங்கள் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதைத் தாண்டி அது எதையும் சொல்லாது.

எந்தச் சோதனையும் எல்லா அலர்ஜிக்கும் ஆகாது. பார்த்தீனியம் செடி பட்டு வரும் அரிப்புத் தடிப்பு வேறு வகை. சோதிக்கும் பொருள் வைத்த ஒட்டை முதுகில் போட்டு 48 மணி நேரம் கழித்தும், மீண்டும் 96 மணி வாக்கிலும் பார்க்க வேண்டும். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த வைக்கோல் போரைப் பிரித்தவருக்கு நாலைந்து மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால், அது நுரையீரலின் வேறொரு எதிர்வினை. தோலில் குத்திப் பார்த்தால் தெரியாது. ஐஸ் போடாமல் வைத்த சூரை, கானாங்கெளுத்தி மீனைத் தின்று முகம் சிவந்து தலை கனத்தால், பெரும்பாலும் மீனில் பாக்டீரியா உண்டாக்கிய ஹிஸ்டமின்தான் காரணம். சமைத்தாலும் அது போகாது. மறுவாரம் புது மீன் தின்றால் ஒன்றும் செய்யாது. இறால் அலர்ஜிக்கு முக்கியக் காரணமான டிரோபோமயோசின் என்ற புரதம் தூசிப்பூச்சியிலும் கரப்பானிலும் உண்டு. அதனால் தூசி அலர்ஜிக்காரருக்கு இறால் சோதனை பாசிட்டிவாக வரலாம். அவர் வாரம் இருமுறை இறால் தின்று நன்றாக இருந்தால் நிறுத்த வேண்டியதில்லை. சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது என்று கேட்காத சோதனை பாதிச் சோதனை.

நூறு பொருள் என்ற பெருமைக்குக் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு பொருளிலும் தவறாக ‘அலர்ஜி’ என்று சொல்லும் வாய்ப்பு வெறும் 5 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று சாராதவை என்றும் கொள்வோம். எந்த அலர்ஜியும் இல்லாத ஒருவர் நூறிலும் தப்பும் வாய்ப்பு 0.95-ஐ நூறு முறை பெருக்கினால் வரும் 0.006. ஆயிரத்தில் ஆறு பேருக்குத்தான் வெள்ளைத் தாள். மற்றவர்களுக்குச் சராசரியாக ஐந்து பொருள் தடை. இன்னொன்று: 1,000 பேர் உள்ள ஊரில் 20 பேருக்கு இறால் அலர்ஜி என்று கணக்குக்காக வைப்போம். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் நல்ல சோதனையே அவர்களில் 18 பேரைப் பிடிக்கும். மற்ற 980 பேரில் 98 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ‘பாசிட்டிவ்’ வந்த 116 பேரில் உண்மையானவர் ஏறக்குறைய ஆறில் ஒருவர். ராமானுஜன் வாழ்ந்த சாரங்கபாணி சன்னதித் தெருவை விருந்தாளிக்குக் காட்டிப் பெருமைப்படும் ஊரில் இந்தக் கணக்கையாவது போட்டுப் பார்க்க வேண்டாமா? அந்த அறிக்கையை நம்பிப் பிள்ளைக்கு முட்டை, பால், மீன், பருப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். அதைவிட ஆபத்து, உண்மையாகவே இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுப்பது.

கருவியைச் சோதிக்க இயற்பியல் படிக்க வேண்டியதில்லை. இறால் அலர்ஜி மருத்துவமனையில் உறுதியான ஒருவரும், தினம் இறால் தின்பவர் ஒருவரும் திரைக்குப் பின்னால் உட்காரட்டும். உருளையின் ஒயர் மட்டும் திரைக்குள் போகட்டும். லேப்டாப்பில் இருவருக்கும் ஒரே வயது, ஒரே எடை. ஒவ்வொரு முறையும் காசு சுண்டி யார் பிடிப்பது என்று முடிவு செய்து, பத்து முறை பிடிக்க வேண்டும். குருட்டு யூகத்தில் எட்டோ அதற்கு மேலோ சரியாக வர 1,024-இல் 56 வாய்ப்பு உண்டு. ஒன்பதோ பத்தோ வர 11 வாய்ப்புதான். அதனால் ஒன்பதுக்குக் குறைந்தால் தோல்வி என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அப்புறம் பேரம் பேச இடம் வைக்கக் கூடாது.

உங்களிடம் கேட்பது சிறிய காரியம். முகாம் அறிவிப்போடு வருபவரிடம் பரிசோதிக்கும் மருத்துவரின் கவுன்சில் பதிவு எண், 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின் கீழ் அந்தக் கருவிக்கு உள்ள உரிமம் அல்லது பதிவு எண், செய்யப்போகும் சோதனையின் பெயர் ஆகியவற்றைக் கேளுங்கள். கொடுத்தால் செய்தியோடு சேர்த்து அச்சிடுங்கள்; கொடுக்காவிட்டால் செய்தியை நிறுத்தி வையுங்கள். முகாம் நடத்துகிறவர் எவராவது மேற்சொன்ன சோதனைக்குச் சம்மதித்தால் திரை, காசு, இறால் தின்கிற ஆள் எல்லாவற்றோடும் வர நாங்கள் தயார். உங்கள் நிருபர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணட்டும்.

இப்படிக்கு,
இயற்பியல், கணித ஆசிரியர்கள் மற்றும் ஒவ்வாமை மருத்துவர்,
கும்பகோணம்.
(பெயர்களும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)