எங்க ஹாம் ரேடியோ செட்டு எரைச்சல அடக்கிக் குடுத்த எல்லாருக்கும் நன்றி

வேலூர் சுத்துவட்டார ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) அண்ணனுங்க, தம்பிங்க, எங்க சத்துவாச்சாரி தெரு ஜனங்க எல்லாருக்கும் வணக்கம். நானு, தம்பி, மச்சான் மூணு பேரும் லைசென்ஸ் வச்சுகினு ஒரே செட்டத்தான் மாத்தி மாத்தி ஓட்றோம், பகல்ல மச்சானுக்கு 20 மீட்டர் அலைவரிசை (பேண்டு), ராத்திரி எனக்கு 40 மீட்டர், தம்பிக்கு உள்ளூர் பேச்சுக்கு 2 மீட்டர். திடீர்னு 20லயும் 40லயும் செட்டு மீட்டர்ல எஸ் 7 வரைக்கும் எரைச்சல் (எஸ் நம்பர் ஏற ஏற பலம் ஜாஸ்தி), 2 மீட்டர் மட்டும் சுத்தம். ரிசீவரே போச்சு, வித்துடுங்கன்னு கூட சொன்னாங்க.

காட்பாடி அண்ணே, மொதல் நன்றி உங்களுக்குத்தான். "ஆன்டெனா ஒயர கழட்டிட்டு கேளுடா"ன்னீங்க, கழட்டுனதும் கப்புனு அடங்கிச்சு, அப்ப செட்டு நல்லாதான் இருக்கு, எரைச்சல் வெளியேர்ந்து வருது. அடுத்து ராத்திரில வீட்டு மெயின ஆஃப் பண்ணிட்டு 12 வோல்ட் பேட்டரில ஓட்டச் சொன்னீங்க, 40 மீட்டர்ல பெரும்பகுதி காணோம், எங்க வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸும் (செட்டுக்கு கரண்ட் குடுக்குற ஸ்விட்சிங் பவர் சப்ளை) எல்இடி பல்பும்தான் அது. பகல்ல அதயே செஞ்சா 20 மீட்டர்ல ஒண்ணும் மாறல, ஆனா பொழுது சாஞ்சா தானா போய்டுது.

அந்த பகல் எரைச்சல புடிச்சது ராணிப்பேட்ட தம்பி. பாக்கெட் டிரான்சிஸ்டர மீடியம் வேவ்ல ஸ்டேஷன் இல்லாத எடத்துல வச்சுகினு மாடி மாடியா திருப்பித் திருப்பி பாத்தான், உள்ள ஆன்டெனாவா இருக்குற பெரைட் (காந்தப் பொருள்) ராடோட முனை எரைச்சல் வர்ற பக்கம் பாத்தா சத்தம் கொறையும், அத வச்சே பக்கத்து வீட்டு சோலார் இன்வெர்ட்டர்ல போய் நின்னான். இந்த வித்தைய எல்லாரும் கத்துக்கணும்.

பக்கத்து வீட்டு அக்கா, உங்களுக்கும் ரேடியோவுக்கும் சம்பந்தமே இல்ல, இருந்தும் உச்சி வெயில்ல கொஞ்ச நேரம் சோலார ஆஃப் பண்ண ஒத்துகினீங்க, உடனே 20 மீட்டர் அமைதி. அப்புறம் உங்க எலக்ட்ரீஷியனயே வரவச்சு பேனல் ஒயர்ல எரைச்சல தடுக்குற பெரைட் மாட்டவும் விட்டீங்க. வேற யாரா இருந்தா கேட்டுக்குள்ளயே விட்ருக்க மாட்டாங்க.

ஆற்காடு ஐயா, 31 மிக்ஸ் டொராய்டுல (ஒரு வகை பெரைட் வளையம்) ஆர்ஜி 58 கோஆக்ஸ (ஆன்டெனா ஒயரு) பன்னெண்டு சுத்து எங்க கையாலயே சுத்த வச்சீங்க. கோஆக்ஸோட வெளி ஜடையே ஆன்டெனா மாதிரி வீட்டு எரைச்சல இழுத்துகினு வரும், இப்டி சுத்துன சோக்கு போட்டாதான் நிக்கும்னு நீங்க பொறுமையா சொன்னப்பதான் வெளங்கிச்சு. உங்க பழைய டிரான்ஸ்பார்மர் பவர் சப்ளையயும் தூக்கிக் குடுத்துட்டீங்க, எஸ்எம்பிஎஸ்ஸ ஓரங்கட்டியாச்சு.

இப்ப ரெண்டு பேண்டுலயும் எஸ் 3தான், எஸ் யூனிட்டுக்கு 6 டிபின்னா (டெசிபல்) 24 டிபி கொறைஞ்சிருக்கு. எரைச்சலுக்கு அடியில மாட்டிகினு இருந்த 4எஸ்7ன்னு ஆரம்பிக்குற கால்சைன் (அடையாளப் பேரு) வச்ச இலங்கை ஸ்டேஷனுங்க 40ல தெளிவா கேக்குது. டொராய்டு கொஞ்சம் மிச்சம் இருக்கு, உங்க வீட்ல எரைச்சல்னா சொல்லுங்க, டிரான்சிஸ்டரோட நாங்க மூணு பேரும் வர்றோம்.